நான்காவது தட்டு

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மாட்டுக் கொட்டகையின் ஓட்டுக் கூரைமேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிக் காலுறை. அதன் ஜோடி கீழே கழனித் தொட்டியின் விளிம்பில் விழுந்து கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அக்டோபர் மாதம். அன்று இரவு நான் மெட்ராஸுக்கு பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து ஸ்பெயினுக்கு.

செங்கம் ரோட்டில் புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. கொட்டகையை ஒட்டி மாடியில் கட்டிய ஒற்றை அறையில் ஸ்பெயின் தேசத்துப் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார். மூன்று வாரம் தங்குவதாகச் சொல்லி வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பதை நெருங்கிய வயது. காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்திருப்பார், மதியம் துணி தைப்பார், சாயங்காலம் மலை ஓரமாக நடப்பார். தெருவில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் மெட்ராஸில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாதத்தில் இரண்டு தடவை அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவேன். வரும்போதெல்லாம் அக்காவிடம் ஒரு மணி நேரம் ஸ்பானிஷ், பதிலுக்கு ஒரு மணி நேரம் தமிழ் என்று இரண்டு வருடம் நடந்தது. என்னிடம் கற்றதைவிடக் கீழே மாடு வைத்திருந்த அம்மாவிடம் அவர் கற்ற தமிழ்தான் அதிகம். "பால்ல தண்ணி ஜாஸ்தி" என்று அவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரென்று தெரியாது.

அயல்நாட்டவருக்கு ஒரு பருவ காலம் மொழியும் பண்பாடும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று அவர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அக்கா சொல்லித்தான் விண்ணப்பித்தேன். உதவித்தொகை கிடைத்தது. தங்குவதற்குத் தன் தாயின் வீட்டையே ஏற்பாடு செய்தார். எங்கள் பத்திரிகை ஆசிரியர் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார். "தென்னமெரிக்காவுல வாரத்துக்கு ஒரு கவர்ன்மென்ட் கவுருது. நீ நேரா அவன் பேப்பரையே படிச்சு எழுதலாம்ல" என்றார். அந்தப் பேப்பர் மெட்ராஸ் வந்துசேர ஒன்றரை மாதம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வேலையில் சலிப்பு வந்திருந்தது. அதற்குமேல் காரணம் சொல்ல முடியவில்லை.

என் அம்மா வேறு மாதிரி கேட்டாள். "அந்த பாஷைய கத்துக்கினு யார்கிட்ட பேசப் போற? பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்ககிட்டயா?"

அன்று காலை அக்கா அந்தக் காலுறைகளை எடுத்து உதறி என்னிடம் கொடுத்தார். ஊரிலிருந்து வந்தபோது போட்டிருந்தவை. "அங்க குளிரு ஜாஸ்திங்க. இங்க இது எனக்கு எதுக்கு?"

"உங்க அம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"இந்த கிறிஸ்துமஸுக்கு வரப் பாக்கறேன்னு எழுதியிருக்கீங்களே. அத கேட்டா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் முழுக்க மலை. "கேப்பாங்க" என்றார்.

கீழே பால் கறந்துகொண்டிருந்த மாட்டுக்கார அம்மா தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தார். "போய்ட்டு வாம்மா. போன எடத்துலயே உக்காந்துக்காத, மேல இருக்கறவங்க மாதிரி."

மாட்ரிட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். மஞ்சள் கல்லால் கட்டிய ஊர். அக்காவின் தாய் மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது. அறுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும், கறுப்புக் கம்பளிச் சட்டை, முழங்காலில் வலி. காய்கறிப் பையுடன் ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவார். நான் உள்ளே நுழைந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். காலுறையை அவர்தான் பின்னியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

எனக்குச் சமையலறையை ஒட்டிய சின்ன அறை. நடையின் கோடியில் பெரிய அறை ஒன்று மூடியே இருந்தது. நவம்பரில் அதன் கதவைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டார். திரைச்சீலையைத் துவைத்தார். படிக்கட்டில் எதிரே வந்த பக்கத்து வீட்டாரிடம் மகள் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள் என்று சொல்வது எனக்குக் கேட்டது. வரப் பார்க்கிறேன் என்றுதான் மகள் எழுதியிருந்தார்.

காலை ஒன்பது முதல் இரண்டு வரை வகுப்பு. பதினாறு பேரில் நான்தான் மூத்தவள். மற்றவர்கள் இருபது வயதுக்காரர்கள். வகுப்பு முடிந்ததும் கூட்டமாகக் காப்பிக் கடைக்குப் போவார்கள். நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கம் போதவில்லை. கேட்டதைத் தமிழில் மாற்றி, பதிலை ஸ்பானிஷில் மாற்றிச் சொல்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். சாயங்காலத்தில் தாடை வலிக்கும். கார்த்திகை தீபத்தன்று ஊரில் மலைமேல் விளக்கேற்றும் நேரம் அங்கே மதியம் ஒன்றரை மணி. வகுப்பில், நடக்க வேண்டும் என்று நாம் விரும்பும் காரியங்களை எந்த வினைவடிவத்தில் சொல்வது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒரு வட்ட மேசை இருந்தது. தரை வரை தொங்கும் கனத்த துணி, அடியில் கணப்பு. எல்லோரும் துணியைத் தூக்கி மடிமேல் போட்டுக்கொண்டு, காலை உள்ளே நீட்டி உட்கார வேண்டும். இடுப்புக்குக் கீழே மெட்ராஸ் வெயில், மேலே மார்கழி. அங்கேதான் அக்காவின் தாய் தினமும் என்னைக் கேள்வி கேட்டார்.

அறை எவ்வளவு பெரியது? ஜன்னல் எந்தப் பக்கம்? அடுப்பு எந்த மாதிரி? தண்ணீர் யார் கொண்டுவருகிறார்கள்? பாம்பு வருமா? கீழே இருக்கும் மாடு என்ன நிறம்?

எங்கள் தலைமை நிருபர்கூட அப்படித் துருவியதில்லை. நானும் செய்தி கொடுப்பதுபோலவே கொடுத்தேன். பார்த்ததைச் சொன்னேன். பார்க்காததைத் தெரியாது என்றேன். "அவ சிரிக்கிறாளா?" என்று ஒரு நாள் கேட்டார். யோசித்துப் பார்த்து, மாட்டுக்கார அம்மாவோடு பேசும்போது சிரிப்பார் என்றேன். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"அந்த மலையில என்ன இருக்கு? எங்க நாட்டுல மலை இல்லையா?" என்றும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்றேன். தமிழிலும் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

இதனால் ஒன்று நடந்தது. வகுப்பில் திரி ஸ்டவ், கொசுவலை, சாணி, புளியங்கொட்டை, குடம் எல்லாவற்றுக்கும் எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது. ரயில் டிக்கெட் வாங்கத் தெரியவில்லை. "நீங்க எங்க பண்பாட்ட கத்துக்க வந்தீங்களா, உங்களோடத சொல்லிக்கொடுக்க வந்தீங்களா?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஐயாயிரம் மைல் தாண்டி வந்து, தினமும் செங்கம் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான்.

டிசம்பரில் கடிதம் வரவில்லை. தபால்காரர் மணியடித்தால் அக்காவின் தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்குவார். நான் எடுத்து வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய குரல். தங்கையிடம் ஒன்றும் கேட்காமல், மூடியிருந்த பெரிய அறையைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியைக் கூடத்து சோபாவுக்கு அருகில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் அங்கேதான் படுப்பார் போலிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் மூன்று மணிக்குச் சாப்பாடு. வட்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. நாங்கள் மூன்று பேர். தட்டு நான்கு.

நான்காவது தட்டு மற்றவை போல இல்லை. பழையது. விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் சின்னதாக உடைந்திருந்தது. இடப்பக்கம் ரொட்டி, எதிரே கண்ணாடி டம்ளரில் திராட்சை மது. காலியாக வைத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அக்காவின் தாய் அதில் சூப்பை ஊற்றினார். கொண்டைக்கடலையை அரித்துப் போட்டார். ஆவி பறந்தது. நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்து, ஆள் உட்கார வசதியாக வைத்தார். பிறகு கைகூப்பிப் பிரார்த்தனை சொன்னார்.

எங்கள் வீட்டில் அப்பா இறந்த திதியன்று இலை போட்டுப் பரிமாறுவோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். டம்ளரில் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். ஆளில்லாத இடத்தில் சோறு பரிமாறுவது அதற்கு மட்டும்தான். ஊருக்குப் போனவர்களுக்கு யாரும் இலை போட்டுப் பரிமாற மாட்டார்கள். மறந்துபோய்க்கூடச் செய்ய மாட்டார்கள். சின்ன வயதில் விளையாட்டுக்கு, ஊருக்குப் போயிருந்த என் அண்ணனுக்கு அப்படி ஒரு இலை போட்டு வைத்து, அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன்.

இதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. எழுந்தேன். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கரண்டியை எடுத்து அந்த சூப்பைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. கொண்டைக்கடலை, ரொட்டி எல்லாம் தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

"பாவம், பசி போல" என்றார் அண்ணன். "உன் வீட்டுல சோறு கம்மியா போடறியா தங்கச்சி?"

அக்காவின் தாய் சிரிக்கவில்லை. "அது உனக்கு வச்சதில்ல" என்றார்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது. என் ஊர். ஆள் இல்லை, தட்டு இருக்கு: ஆள் செத்துப்போனால். உங்க மகள் சாகலை. அதனால் நான் சாப்பிட்டேன். இப்படித்தான் சொன்னேன், துண்டு துண்டாக. செத்துப்போனால் என்ற வார்த்தை மட்டும் பிழையில்லாமல் வந்தது.

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்பில் இருந்த கறி தீயும் வாசனை வந்தது. அண்ணன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் பெரிய குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு வருஷமும் அந்த சூப்ப தொட்டியில கொட்டறது நான்தான்" என்றார். "அவ பார்க்காதப்ப."

அடுத்த சில நாட்கள் அக்காவின் தாய் என்னிடம் கதவு, தண்ணீர், விளக்கு என்ற மூன்று வார்த்தைகளைத்தான் பேசினார். கேள்விகள் நின்றுவிட்டன. வேறு இடம் பார்க்கலாமா என்று யோசித்தேன். விடுமுறையில் பல்கலைக்கழக அலுவலகம் மூடியிருந்தது. மேசையின் கீழ் காலை நீட்டி உட்கார்ந்து வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஊருக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது.

அண்ணன் கிளம்பிப் போன மறுநாள் மதியம், அக்காவின் தாய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப உயிரோட இருக்கறவங்களுக்கு என்ன செய்வீங்க? வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்களுக்கு?"

"எடுத்து வைப்போம்."

"அப்படின்னா?"

"பாத்திரத்துல அவங்க பங்க தனியா எடுத்து, மேல தட்டு போட்டு மூடி வைப்போம். எப்ப வந்தாலும் சாப்பிடலாம்."

"வரலைன்னா?"

"மறுநாள் காலையில வீட்டுல இருக்கறவங்க சாப்பிட்டுடுவோம்."

"யாரும் அழ மாட்டாங்களா?"

"சாப்பாடு வீணாப்போனா திட்டுவாங்க."

அவர் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தார். அன்று சமைத்ததில் ஒரு பங்கைச் சின்ன எனாமல் பாத்திரத்தில் எடுத்து வைத்தார். அலமாரியில் இருந்து நீலக் கோட்டுத் தட்டை எடுத்துக் கவிழ்த்து மூடினார். மறுநாள் காலை அதைச் சூடுபண்ணி நானும் அவரும் பாதிப் பாதி சாப்பிட்டோம். அதன்பிறகு தினமும் அப்படித்தான். பெரிய அறையின் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டார். துவைத்த துணியை அங்கே கட்டில்மேல் போட ஆரம்பித்தார். மாட்டின் நிறத்தை மறுபடி ஒரு நாள் கேட்டார். செவலை என்பதற்கு அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் தேர்வு முடிந்தது. சுமாராகத் தேறினேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மகளிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். "நீ பார்த்தத சொல்லு, நீதான் பேப்பர்ல எழுதறவளாச்சே" என்றார்.

ஊருக்கு வந்து முதல் நாள் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஸ்பெயினின் கல்கட்டடங்களைப் பற்றிச் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தட்டைப் பற்றிச் சொன்னதும் கை நின்றது.

"நீ செஞ்சதுதான் சரி. உசுரோட இருக்கற பொண்ணுக்கு யாராச்சும் சோத்த படைப்பாங்களா? அந்தம்மாவுக்கு இத சொல்றதுக்கு அந்த ஊர்ல ஒரு ஆளு இல்லியா?" என்றவள், கொஞ்சம் கழித்து, "ஆனா நீ போயி அந்த நாற்காலியிலயே உக்காந்தியாக்கும். பெத்தவளுக்கு எப்டி இருந்திருக்கும்?" என்றாள். இரண்டும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் செங்கம் ரோட்டுக்குப் போனேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து பாவாடை ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பானிஷில் ஆரம்பித்தேன். "இவ்ளோ நல்லா பேசறீங்களே" என்று தமிழிலேயே சொன்னார். முழங்கால் வலி, மூன்று மாடி, தபால், கிறிஸ்துமஸ் மதியம், நான் உட்கார்ந்த நாற்காலி, பிறகு எனாமல் பாத்திரம் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தட்டு கவிழ்த்து மூடியதைச் சொன்னபோது ஊசி நின்றது.

"எந்தத் தட்டு?"

"நீலக் கோடு போட்டது. ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும்."

"அது நான் உடச்சது. ஒம்பது வயசுல." நூலைப் பல்லால் கடித்தார். "தெனமும் வைக்கறாங்களா?"

"நான் கிளம்பின அன்னிக்கும் வச்சாங்க."

கீழே மாட்டுக்கார அம்மா வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, இவங்களுக்கு ஊர்லேர்ந்து அழப்பு வந்துச்சா? ரூமு காலியாவுமா?" என்று கேட்டார். அக்கா "உனக்கு அதான் கவல" என்று சொல்லிச் சிரித்தார். காலுறையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் பார்த்துவந்த அயல்நாட்டுச் செய்திப் பிரிவு இன்னொருவருக்குப் போயிருந்தது. என்னைச் சந்தை நிலவரப் பக்கத்தில் போட்டார்கள். பருத்தி, மிளகாய், வெல்லம். ஸ்பானிஷில் அதற்கெல்லாம் வார்த்தை தெரியும், யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் இரவு வேலை அதிகம், ஊருக்குப் போவது குறைந்தது. போன இரண்டொரு தடவையும் செங்கம் ரோடு வரை போகத் தெம்பில்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் போனேன். மாட்டுக்கார அம்மா கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். செவலை மாடு கன்று போட்டிருந்தது.

"அக்கா இருக்காங்களா?"

"கோயிலு பக்கம் போய்க்கிறாங்க, வந்துடுவாங்க. மேல போயி உக்காரு. ஊருக்குப் போய்ட்டு வந்து ஒரு மாசமாவுது, தெரியாதா உனக்கு?"

"எத்தன நாள் இருந்தாங்க?"

"ரெண்டு மாசம். வர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். வேற ஆளுக்கு ரூம விட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நான்தான் வேணாம்னுட்டேன். அவங்க அம்மாவே பொட்டி கட்டி அனுப்பிச்சாங்களாம்."

மேலே போனேன். கதவு திறந்திருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. ஜன்னலில் மலை, பாதி மேகத்தில். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. அதை மூடியிருந்தது நீலக் கோடு போட்ட, விளிம்பு உடைந்த தட்டு.